சடங்கிலிருந்து பிறந்த ஆர்க்கெஸ்ட்ரா இசை: கச்சேரிக்குக் கிளம்பும் முன் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் பாரிஸில் இருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது "ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்றால் போதும், பிலார்மோனி அரங்கத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன். அதிலும் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு', மெசியானின் 'எட் எக்ஸ்பெக்டோ', பூலேஸின் 'ரித்துயேல்' இந்த மூன்றில் ஒன்று நிகழ்ச்சியில் இருந்தால் நானே ஆள் தேடுவேன். மூன்றுமே சடங்கை மனதில் வைத்து 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. மெட்ரோவில் 5ஆம் தடம் பிடித்து போர்த் து பாந்த்தான் போய்ச் சேர்வதற்குள் அதே கேள்விகள் வந்துவிடும். தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். ஒரே இரவில் மூன்றும் வராமல் போகலாம், ஒன்று வந்தாலும் அதற்குரிய பதில் பொருந்தும்.

ஆர்க்கெஸ்ட்ரான்னா நம்ம ஊர் திருவிழாவுல சினிமாப் பாட்டு பாடுவாங்களே, அந்த மாதிரியா?

இல்லை. நம் ஊரில் அந்தச் சொல் மெல்லிசைக் குழுவுக்கு என்று ஆகிவிட்டதால் இந்தக் குழப்பம் வருவது நியாயம்தான். இங்கே வயலின் குடும்பம், மரக்குழல்கள், பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள் என்று மேடை நிறைய ஆட்கள் இருப்பார்கள். 'வசந்தச் சடங்கு' என்றால் ஏறக்குறைய 100 பேர், அதில் ஹார்ன் என்ற பித்தளைக் குழல் மட்டுமே 8. மைக், ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. இந்த மூன்றிலும் பாடகரும் கிடையாது. தாளில் எழுதிவைத்ததைத்தான் வாசிக்கிறார்கள், எதிரே நின்று ஒருவர் கையசைத்து நடத்துகிறார்.

மூன்றிலும் மேடை ஒரே மாதிரி இருக்காது. மெசியானுடையதில் ஒரு வயலின்கூட இல்லை, முழுக்கக் குழல்களும் உலோகத் தாளக் கருவிகளும்தான். பூலேஸுடையதில் வாசிப்பவர்கள் 8 குழுக்களாகப் பிரிந்து அங்கங்கே உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் நாற்காலிகள் போட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள், அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சடங்குன்னு சொல்றீங்க, மேடையில பூஜை மாதிரி ஏதாவது நடக்குமா? சாமி கும்பிடுறவங்க போகலாமா?

தாராளமாகப் போகலாம். மேடையில் எந்த வழிபாடும் நடக்காது, விளக்கு, தூபம், மந்திரம் ஒன்றும் இல்லை. சடங்கு என்பது இங்கே இசையின் அமைப்பில் இருக்கிறது. ஒரு சடங்கை நினைத்துப் பாருங்கள்: செய்ததையே திரும்பச் செய்கிறோம், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை காத்திருக்கிறோம், யார் எங்கே நிற்பது, யார் முதலில் தொடங்குவது என்பதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. இந்த மூன்று இசையமைப்பாளர்களும் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று பேருக்கும் மனநிலை வேறு. மெசியான் ஆழ்ந்த கத்தோலிக்கர், பாரிஸின் திரினித்தே தேவாலயத்தில் 1931இலிருந்து 1992இல் இறக்கும்வரை ஆர்கன் வாசித்தவர், அவருக்கு இது விசுவாசம். ஸ்ட்ராவின்ஸ்கி கிறித்தவத்துக்கு முந்தைய ரஷ்யாவைக் கற்பனை செய்தார். பூலேஸின் சடங்கில் எந்தச் சமயமும் இல்லை, இறந்துபோன ஒரு நண்பர் மட்டும்தான் இருக்கிறார்.

மூணு பேரும் யாரு அக்கா? ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தம் உண்டா?

நல்ல கேள்வி, இதை யாரும் சீக்கிரம் கேட்பதில்லை. இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி ரஷ்யர், 'வசந்தச் சடங்கு' பாரிஸில் 1913இல் அரங்கேறியது. ஒலிவியே மெசியான் பாரிஸ் இசைக் கல்லூரியில் 1941இலிருந்து ஆசிரியர், அந்த வகுப்பில் 'வசந்தச் சடங்'கைப் பிரித்துப் பிரித்துப் பாடம் நடத்தியவர். 1944இல் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்த மாணவர்தான் பியர் பூலேஸ். பின்னாளில் பூலேஸும் 'வசந்தச் சடங்'கின் தாளத்தைப் பற்றி நீளமாக எழுதினார், உலகம் முழுக்க அதை நடத்தினார். அதாவது இது குரு, சீடன் என்று கைமாறி வந்த ஒரு வரிசை. இப்போது நாம் போகும் அரங்கத்தின் பெரிய கூடத்துக்கே பூலேஸின் பெயர்தான்.

எனக்கு மேற்கத்திய சங்கீதம் ஒண்ணுமே தெரியாது. போனா புரியுமா?

புரிகிறதா என்று பார்க்காதீர்கள், என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாவு வீட்டில் சேகண்டி அடித்துச் சங்கு ஊதும்போது "இது என்ன ராகம்" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஓசை தெருமுனையில் கேட்டதுமே உடம்பில் ஒரு மாற்றம் வருகிறதல்லவா, அந்த மாதிரிக் கேட்டால் போதும்.

வீட்டுப்பாடம் வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று. மெசியான், பூலேஸ் இருவரும் டாம்-டாம் என்ற பெரிய தட்டை நிறையப் பயன்படுத்துகிறார்கள். நம் சேகண்டியைப் பல மடங்கு பெரிதாக்கிச் சட்டத்தில் தொங்கவிட்டது போல இருக்கும். அதை அடிப்பவரைக் கவனியுங்கள். பெரிய அடி விழுவதற்குச் சில நொடிகள் முன்பே, நமக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக, கட்டையால் தட்டின் ஓரத்தில் தொட்டுத் தொட்டு அதை அதிர வைத்துக்கொண்டிருப்பார். உறங்கிக் கிடக்கும் உலோகத்தை எழுப்பாமல் திடீரென அடித்தால் நாதம் முழுதாக வராது. பக்கவாட்டு வரிசையில் இருந்தபோது இதை முதல்முறை பார்த்தேன். அதற்கப்புறம் அந்த அடியைக் கேட்கிற விதமே எனக்கு மாறிப்போனது, ஓசை வருவதற்கு முன்பே காத்திருக்கத் தொடங்கிவிட்டேன்.

யூட்யூப்ல கேட்டுப் பார்த்தேன். ஒரே சத்தமா இருக்கு, மெட்டே இல்லையே?

போனில் கேட்டீர்களா? அதில் டாம்-டாமும் தெரியாது, ஆழமான குரல் கொண்ட டபுள் பாஸும் தெரியாது, நடுவில் இருக்கும் இரைச்சல் மட்டும்தான் வரும். அரங்கத்தில் அந்த அதிர்வு நாற்காலி வழியாக ஏறும். பூலேஸுக்கு இன்னொரு சிக்கல், 8 குழுக்களும் 8 இடங்களிலிருந்து வாசிப்பதை இரண்டு இயர்போனுக்குள் அடைத்தால் எல்லாம் குழம்பித்தான் கேட்கும்.

மெட்டு இல்லை என்பது சரியில்லை. 'வசந்தச் சடங்கு' தொடங்குவதே ஒரு மெட்டில்தான். பஸூன் என்ற நீளமான மரக்குழல் தனியாக, தன் குரலின் உச்சாணிக் கொம்பில் நின்று வாசிக்கும், அது ஒரு லித்துவேனிய நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வந்தது. பஸூனுக்கும் நாகஸ்வரம் போல இரட்டைச் சீவாளி. அந்த உயரத்தில் அது தொண்டை இறுகிய மனிதக் குரல் மாதிரி ஒலிக்கிறது. தொடங்கும் முன் வாசிப்பவர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருப்பதைப் பாருங்கள். அந்தக் கூட்டத்திலேயே மிகவும் தனியாக இருப்பவர் அப்போது அவர்தான், ஏனென்றால் முதல் சுரம் அவருடையது, மறைந்துகொள்ள இடமே இல்லை.

தாளம் பிடிபடவே மாட்டேங்குது. கணக்கு இருக்கா, இல்ல இஷ்டத்துக்கு அடிக்கிறாங்களா?

கணக்கு இருக்கிறது, அதுவும் கறாரான கணக்கு. 'வசந்தச் சடங்'கில் முன்னுரை அடங்கியதும் தந்திக் கருவிகள் எல்லாம் ஒரே சுரக்கூட்டை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) சமமாகத் தட்டத் தொடங்கும். அங்கே முதல் 32 தட்டல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளத்தில் எட்டெட்டாகப் போட்டால் சரியாக 4 ஆவர்த்தனம். ஆனால் அழுத்தம் எட்டில் விழாது. முதல் 9 தட்டல்கள் சும்மா ஓடும், பத்தாவதில் ஒரு குத்து. அங்கிருந்து அடுத்தடுத்த குத்துகள் 2, 6, 3, 4, 5 தட்டல் இடைவெளியில் வரும், கடைசியில் 3 மிச்சம். கூட்டிப் பாருங்கள், 32. குத்து விழும் இடத்தில் எல்லாம் 8 ஹார்ன்களும் சேர்ந்துகொள்ளும். தொடையில் தட்டிக்கொண்டே இதைச் சொல்லிப் பாருங்கள், நாலு தடவையில் வந்துவிடும். என் தோழியின் மகன், மிருதங்கம் கற்கிறவன், மெட்ரோவிலேயே பிடித்துவிட்டான்.

கடைசி 'பலி நடன'த்தில் ஒவ்வொரு வரியிலும் தட்டல் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். மெசியான் அதில் மூன்று பாத்திரங்களைக் கண்டார்: ஒரு தாளத் துண்டு வளர்கிறது, ஒன்று குறைகிறது, ஒன்று அப்படியே நிற்கிறது. நாடகத்தில் அடிக்கிறவன், அடி வாங்குகிறவன், பார்த்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி என்று அவர் விளக்கினார். கர்நாடக இசையில் ஸ்ரோதோவஹ யதி, கோபுச்ச யதி தெரிந்தவர்களுக்கு வளர்வதும் குறைவதும் புதிதல்ல. இங்கே இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வருவதுதான் புதிது.

1913ல தியேட்டர்ல அடிதடியே நடந்துச்சாமே, உண்மையா?

பெரிய ரகளை நடந்தது உண்மை. 1913 மே 29, ஷான்ஸ் எலிசே தியேட்டர், திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு, நடன அமைப்பு நிஜின்ஸ்கி. தொடக்கத்திலேயே சிரிப்பு, திரை தூக்கியதும் கூச்சல், எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் மாறி மாறிக் கத்தியதில் ஆடுபவர்களுக்கு இசையே கேட்கவில்லை. நிஜின்ஸ்கி மேடையோரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று ரஷ்ய மொழியில் எண்ணிக்கையைக் கத்தினார், தியாகிலெவ் கூட்டத்தை அடக்க விளக்குகளை அணைத்து அணைத்துப் போட வைத்தார். இசையை நடத்திய பியர் மோன்த்தூ எதற்கும் திரும்பிப் பார்க்காமல் கடைசி சுரம்வரை கொண்டுபோய் முடித்தார். எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் அவர்தான்.

பலரும் சொல்லாமல் விடுவது அடுத்த வருடக் கதை. 1914 ஏப்ரலில் அதே பாரிஸில், அதே மோன்த்தூ, நடனம் இல்லாமல் இசையை மட்டும் கச்சேரியாக நடத்தினார். முடிந்ததும் கூட்டம் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனது. காதுகொடுத்துக் கேட்க முடிந்தபோது அதே ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

டான்ஸுக்கு எழுதுனதுன்னு நீங்களே சொல்றீங்க. டான்ஸ் இல்லாம கேட்டா பாதிதானே?

1914 கச்சேரியே இதற்குப் பதில். மேலே சொன்னதைப் பாருங்கள். என் அனுபவத்தில் முதல் தடவை நடனம் இல்லாமல் கேட்பதே நல்லது. வயலின் வில்கள் ஒரே நேரத்தில் கீழே இறங்குவதும், டிம்பனி என்ற கிண்ண வடிவ முரசுகளை வாசிக்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மாறி மாறி அடிப்பதும் போதுமான நடனம்.

நிஜின்ஸ்கியின் அசல் அசைவுகள் பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்து, 1987இல் அமெரிக்காவில் ஜோஃப்ரி பாலே குழு மறு உருவாக்கம் செய்து ஆடியது. 1975இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் பீனா பௌஷ் மேடை முழுக்க மண்ணைக் கொட்டி அதன்மேல் ஆட வைத்தார். இரண்டையும் இசை காதில் ஊறின பிறகு பாருங்கள்.

ஒரு பொண்ணைப் பலி கொடுக்குற கதை. இதை எப்படி உட்கார்ந்து ரசிக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் அத்தை. என்னிடமும் முழுப் பதில் இல்லை என்று அவரிடமே சொன்னேன். கதை இதுதான்: வசந்தம் வர வேண்டும் என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து பார்க்க அவள் ஆடி ஆடியே உயிரை விடுகிறாள். 1910இல் தன் மனக்கண்ணில் இந்தக் காட்சி வந்ததாக ஸ்ட்ராவின்ஸ்கி எழுதியிருக்கிறார். பழைய ஸ்லாவிய வசந்தச் சடங்குகளில் வட்ட நடனம் உண்டு, வைக்கோல் பொம்மையை எரிப்பதும் உண்டு. பெண்ணை ஆடவைத்துச் சாகடிப்பது அவருடைய கற்பனை.

கதையைச் சேர்ந்து அமைத்து, காட்சிகளையும் உடைகளையும் வரைந்தவர் நிக்கலாய் ரோரிக், ஓவியர், பழங்கால ரஷ்யாவைத் தோண்டித் துருவியவர். இந்தப் பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பிற்காலத்தில் இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கில் நக்கரில் குடியேறி 1947இல் அங்கேயே காலமானவர் இவர்தான். இவருடைய மகன் ஸ்வெதஸ்லாவ்தான் நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூரில் வாழ்ந்த ஓவியர்.

சரி, ரசிப்பதைப் பற்றி. இந்த இசை அந்தப் பெண்ணுக்காக ஒரு சொட்டுக்கூட அழுவதில்லை. அவளைத் தேர்ந்தெடுத்ததும் 11 அடிகள், டிம்பனியும் பெரிய பறையும் தந்திகளும் சேர்ந்து, வேகமோ பலமோ மாறாமல் 11 தடவை. கடைசியில் புல்லாங்குழல்கள் சட்டென்று மேலேறும், ஒரு மொத்து, முடிந்தது. அவளுக்காக வருந்தும் வேலையை அது நம்மிடம் விட்டுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அது நெருடுகிறது, நெருட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அத்தை கடைசிவரை உட்கார்ந்து கேட்டார், "பாவி மனுசங்க" என்றார், இடைவேளையில் வேறு எதுவும் பேசவில்லை.

மெசியான் நம்ம தாளத்தை எல்லாம் எடுத்துக்கிட்டாராமே?

ஆமாம், மறைக்காமல் எடுத்துக்கொண்டார். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் இருக்கிறது. அது ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்தது, இளவயதில் மெசியான் அதைக் கண்டுபிடித்து வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தினார். 'எட் எக்ஸ்பெக்டோ'வில் வருவது சிம்மவிக்ரமம், அவர் கணக்கில் 15 மாத்திரை, அதாவது மூன்று ஐந்து. 108 தாளம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஐந்து சிவனுக்குரிய எண், சிவன் மரணத்தை வென்றவன், அதனால் உயிர்த்தெழுதலைப் பற்றிய படைப்பில் இந்தத் தாளம் பொருந்தும் என்பது அவர் நினைப்பு. திருக்கடையூரில் காலனை உதைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஆனால் கையில் தாளம் போட்டுக்கொண்டு தேடாதீர்கள், கிடைக்காது. அவர் எடுத்தது நெடில், குறில் வரிசையை மட்டும். ஆவர்த்தனமாகச் சுற்றி வருவதோ சமத்தில் வந்து சேர்வதோ அதில் இல்லை. புத்தகத்திலிருந்து கற்றது, வித்வானிடம் உட்கார்ந்து கற்றதல்ல.

'எட் எக்ஸ்பெக்டோ' நடுவுல ரொம்ப நேரம் சும்மாவே இருக்காங்களே, ஏன்?

அது எழுதப்பட்ட மௌனம். 5 பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீண்ட மௌனம் வேண்டும் என்று மெசியான் கேட்டிருக்கிறார். இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் நினைவாக, அப்போது கலாசார அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ கேட்டு 1964இல் எழுதியது. மெசியானே 1940இல் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டவர். முதலில் 1965 மே 7 அன்று பாரிஸில் கண்ணாடிச் சன்னல்களுக்குப் பேர்போன சென்ட் சப்பெல் தேவாலயத்தில் வாசித்தார்கள், அப்புறம் ஜூன் 20 அன்று ஷார்த்ர் பேராலயத்தில், ஜனாதிபதி தெ கோல் முன்னிலையில். கல் கட்டடத்தில் ஒரு டாம்-டாம் அடி அடங்க எவ்வளவு நேரமாகும் என்று எண்ணிப் பாருங்கள், அந்த மௌனம் எதற்கு என்று புரியும். அடங்கும் ஓசையும் இசையில் சேர்த்தி.

தலைப்பின் பொருள் 'இறந்தோர் உயிர்த்தெழுவதை எதிர்நோக்குகிறேன்', கத்தோலிக்க விசுவாச அறிக்கையின் வரி. முதல் பாகம் 130ஆம் சங்கீதத்தின் 'ஆழங்களிலிருந்து கூப்பிடுகிறேன்', தடித்த பித்தளைக் குழல்கள் கீழேயிருந்து ஏறிவரும். மூன்றாவதில் அமேசான் காட்டுப் பறவை உய்ராப்புரு கூவும், ஒரு மனிதர் சாகும் நேரத்தில் அவருக்கு அதன் குரல் கேட்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. கடைசிப் பாகத்தில் கோங்குகள் என்ற தொங்கும் உலோகத் தட்டுகளை ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கும், மேலே எல்லாக் குழல்களும் சேர்ந்து பெருங்கூட்டமாகப் பாடுவது போல எழும்.

பூலேஸோடதுல யாரும் யாரோடயும் சேராம வாசிக்கிற மாதிரி இருக்கு. தப்பு பண்றாங்களா?

தப்பில்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறார். புரூனோ மடெர்னா, இத்தாலிய இசையமைப்பாளர், நடத்துநர், பூலேஸின் நெருங்கிய நண்பர், 1973இல் இறந்துபோனார். அவருக்காக எழுதி 1975 ஏப்ரலில் லண்டனில் பூலேஸே நடத்தி அரங்கேற்றியது இது. ஒரு குழுவில் ஓபோ என்ற மரக்குழல் ஒன்றே ஒன்று, இன்னொன்றில் 2 கிளாரினெட், 3 புல்லாங்குழல், 4 வயலின் என்று பெருகி, எட்டாவது குழுவில் 14 பித்தளைக் குழல்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தமாக ஒரு தாளக்காரர் உண்டு, பித்தளைக் குழுவுக்கு மட்டும் 2 பேர்.

மொத்தம் 15 பகுதிகள். ஒற்றைப்படைப் பகுதிகளில் நடத்துநர் எல்லோரையும் சேர்த்து மெதுவாக நடத்துவார். இரட்டைப்படைப் பகுதிகளில் ஒவ்வொரு குழுவுக்கும் 'தொடங்கு' என்று சைகை காட்டிவிட்டுக் கையை இறக்கிவிடுவார், அதன் பிறகு அந்தக் குழு தன் தாளக்காரரை மட்டும் கேட்டு வாசிக்கும், பக்கத்துக் குழுவோடு சேர வேண்டிய கட்டாயம் இல்லை. துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது ஒவ்வொருத்தியும் தன் வேகத்தில் தன் துக்கத்தைச் சொல்லி அழுவாள், ஆனால் எல்லாம் ஒரே அழுகைதான் இல்லையா, எனக்கு அப்படித்தான் கேட்கிறது. பூலேஸ் இதை ஒரு கற்பனைச் சடங்கு என்றார், ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் முறை.

எங்கே டிக்கெட் எடுக்கலாம்? விலை கூடின இடம்தான் நல்லதா?

பிலார்மோனியில் 2400 இருக்கைகள், நடுவில் மேடை, நாலு பக்கமும் ஆட்கள். கடைசி வரிசைகூட நடத்துநரிடமிருந்து 32 மீட்டர் தூரம்தான், அதனால் எங்கும் நன்றாகவே கேட்கும். 'வசந்தச் சடங்'குக்கு மேடைக்குப் பின்பக்க இருக்கைகள் கிடைத்தால் விடாதீர்கள். விலை குறைவு, தாளக்காரர்கள் உங்களுக்குக் கீழே, நடத்துநரின் முகம் எதிரே. 'ரித்துயே'லுக்கு மட்டும் நடுவில் எடுங்கள், ஒரு குழு பக்கத்தில் உட்கார்ந்தால் மற்ற 7 அமுங்கிப் போகும்.

என்ன போட்டுட்டு வரணும்?

எதுவானாலும் சரி. புடவை கட்டிக்கொண்டும் போயிருக்கிறேன், ஜீன்ஸிலும் போயிருக்கிறேன்.

எப்போ கை தட்டணும்? நான் தப்பா தட்டிடுவேனோன்னு பயமா இருக்கு.

நடத்துநரின் கையைப் பாருங்கள். கை இறங்கி, தோள் தளர்ந்து, அவர் நம் பக்கம் திரும்பினால் தட்டலாம். மெசியானில் பாகங்களுக்கு நடுவே தட்டக்கூடாது, காரணம் மேலே இருக்கிறது. ஒருமுறை முதல் மௌனத்திலேயே பின்னாலிருந்து ஒருவர் தட்டிவிட்டார், தனிக் கைதட்டல். பாவம், நல்ல எண்ணத்தில்தான் தட்டினார், யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. 'ரித்துயேல்' முடிவில் அவசரப்படாதீர்கள், கடைசி நாதம் முழுதாக அடங்கட்டும்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

'வசந்தச் சடங்'குக்கு எட்டு வயதுக்கு மேல் என்றால் கண்டிப்பாக. 35 நிமிடம் போலத்தான் ஓடும், குழந்தைகளுக்கு அந்தக் குத்துகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடிக்கும். மெசியான் வேண்டாம், மௌனத்தில் அவர்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம், அதோடு மூன்றாம் பாகத்தில் டாம்-டாம் ஏறும்போது காது வலிக்கிற அளவுக்குப் போகும். காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர்களும் அந்த இடத்தில் ஒலியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

மத்தவங்க சடங்கை எடுத்துக் கச்சேரி ஆக்குறது சரியா? பேர் இவங்களுக்கு, பாட்டு யாரோடதோ?

இதை ஒரே பதிலில் அடக்க முடியாது, மூவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்ட்ராவின்ஸ்கி அந்த பஸூன் மெட்டை யுஷ்கெவிச் தொகுத்த லித்துவேனியப் பாடல் தொகுதியிலிருந்து எடுத்தார், நாட்டுப்புற மெட்டு என்றால் அது ஒன்றுதான் என்றார். பிறகு ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் தாருஸ்கின் இன்னும் பல மெட்டுகளைத் தேடி எடுத்துக் காட்டினார். கல்யாணத்திலும் வயலிலும் அதைப் பாடிய பெண்களின் பெயர் எங்கும் இல்லை. இசை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இது ஒரு குறைதான், நான் கூட்டிப் போகும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மெசியான் எந்தத் தாளம், எந்தப் பறவை என்று பெயர் சொல்லிவிடுகிறார், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தாளத்தை அதன் கச்சேரி மரபிலிருந்து பிரித்தே எடுத்தார் என்பதை முன்பே சொன்னேன். பூலேஸ் யாருடைய சடங்கையும் எடுக்கவில்லை, புதிதாக ஒன்றைக் கட்டினார். அவருடைய கோங்குகள் ஆசியாவிலிருந்து வந்தவை, ஆனால் அங்கே அவை இன்னொருவருடைய வழிபாட்டைப் போலச் செய்யவில்லை, ஒரு நண்பரின் சாவுக்கு மணியடிக்கின்றன.

அப்பா போய் மூணு மாசம்தான் ஆகுது. இந்த நேரத்துல இதெல்லாம் கேட்கலாமா அக்கா?

கேட்டவன் என்னைவிட இளையவன், ஊரில் நடந்த காரியத்துக்கு விசா சிக்கலால் போக முடியாமல் இங்கேயே இருந்துவிட்டவன். கேட்கலாம் என்றேன், ஆனால் 'வசந்தச் சடங்கு' இப்போது வேண்டாம், அதன் இரக்கமற்ற பக்கத்தைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். 'ரித்துயே'லுக்குக் கூட்டிப் போனேன். ஓபோ தனியாகத் தொடங்கிய இடத்திலிருந்து குழுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பெருகி, பிறகு அந்த நீண்ட கடைசிப் பகுதியில் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே வரும். வாசித்து முடித்தவர்கள் மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், கருவி மடியில் இருக்கிறது, மிச்சம் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். அவன் கண் கடைசிவரை அந்தச் சும்மா இருந்தவர்கள் மேலேயே இருந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வரிசையின் ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுக்கிறேன். நடுவில் எழுந்து போகத் தோன்றினால் போய்விடலாம், வெளியே கூடத்தில் உட்கார பெஞ்சு இருக்கும், முடிந்ததும் நான் வந்து பார்க்கிறேன்.